கடைசி வண்டியைப் பிடிக்காமல் ஐந்து ராத்திரி

எங்கள் வீட்டிலிருந்து திருவனந்தபுரம் 40 கிலோமீட்டர்கூட இல்லை. மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். திருவனந்தபுரத்தைத் திருவந்திரம் என்றுதான் வீட்டில் சொல்வோம். சின்ன வயதிலிருந்து எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கே கிடையாது. ஆனால் போனதெல்லாம் மூன்றே காரியத்துக்கு: யாரையாவது மெடிக்கல் காலேஜில் காட்ட, யாரையாவது வளைகுடாவுக்கு ஏற்றிவிட, கல்யாணம் வந்தால் சாலை என்ற கடைத்தெருவில் சாமான் எடுக்க. காரியம் முடிந்ததும் பஸ் ஸ்டாண்டும் ரயில் நிலையமும் இருக்கும் தம்பானூருக்கு ஓடி வந்து கடைசி வண்டியைப் பிடித்து வீடு வந்து சேர்ந்துவிடுவோம். அங்கே ஒரு ராத்திரி தங்கலாம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

தங்கியது ஒரே ஒரு தடவை. ஆச்சிக்கு உடம்பு முடியாமல் போனபோது அம்மா 22 ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். அந்த ஊரைப் பற்றி அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வராந்தா, எதிரே ஒரு மருந்துக்கடை, விடியற்காலையில் பிளாஸ்கில் சுடுதண்ணி ஊற்றித் தரும் ஒரு டீக்கடை. அவ்வளவுதான்.

சென்னையில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண், டெல்லிக்காரி, போன வருடம் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு கேரளா கிளம்பினாள். 'உன் ஊருக்குப் பக்கம்தானே, திருவனந்தபுரத்தில் குறைந்த செலவில் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம், சொல்லு' என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் போகும் என்று கேட்டிருந்தால் நம்பரோடு சொல்லியிருப்பேன். அவள் பத்து நாள் இருந்துவிட்டு வந்து, கோவளத்தில் விடிந்ததைப் பற்றியும் சுற்றிச் சுற்றி மேலே ஏறும் ஒரு காப்பிக்கடையைப் பற்றியும் சொன்னபோது, நான் இதுவரை பார்க்காத ஏதோ ஒரு ஊரைப் பற்றிச் சொல்வது போலவே இருந்தது. அது மனசில் உறுத்திக்கொண்டே கிடந்தது.

அதனால் இந்த மாசியில் லீவு போட்டேன். கோவா இல்லை, பாண்டிச்சேரி இல்லை. ஐந்து ராத்திரி, கையில் 5000 ரூபாய், திருவனந்தபுரம்.

அம்மாவுக்குப் புரியவே இல்லை. "நாப்பது கிலோமீட்டருக்கு எதுக்கு மக்கா ரூம் எடுக்கணும்? பகல்ல சுத்திட்டு ராத்திரி வண்டில வந்துற வேண்டியதுதானே?"

"சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையே வருசா வருசம் அங்க போய்த் தங்கிட்டுத்தானே வருதா. நான் போனா என்ன?" என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை, ஆனால் பைக்குள் ஒரு போர்வையை மடித்து வைத்தாள்.

எங்கள் பக்கம் இல்லாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். 1795 வரை திருவிதாங்கூருக்குத் தலைநகரம் எங்கள் தக்கலைப் பக்கத்துப் பத்மநாபபுரம்தான். நவராத்திரிக்கு இப்போதும் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதி அம்மன் யானை மேலேயும், கூடவே வேளிமலை குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போவார்கள். களியக்காவிளை எல்லையில் கேரளத்துக்காரர்கள் வந்து வரவேற்று அழைத்துப் போவார்கள். அங்கே போய் சரஸ்வதி நவராத்திரி மண்டபத்தில், குமாரசுவாமி ஆரியசாலையில், நங்கை செந்திட்டையில் என்று தனித்தனியாகத் தங்கியிருந்து பூஜை முடிந்து திரும்புவார்கள். நாங்கள் ரோட்டோரம் விளக்கேற்றி வைத்து வழியனுப்புவோம். 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எங்கள் தாத்தா பிறந்தபோது எல்லாம் ஒரே ராஜ்யம். கோடு நடுவில் விழுந்த பிறகும் சாமிகள் போய் வருவது நிற்கவில்லை.

குழித்துறையில் பாசஞ்சர் ஏறினேன். டிக்கெட்டுக்கு இருபது ரூபாய்கூட ஆகவில்லை. பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம். பாலராமபுரம் வரும்போது ஜன்னல் பக்கம் மாறி உட்கார்ந்தேன், காரணம் அங்கே கசவு முண்டு என்ற ஜரிகைக் கரை வேட்டி நெய்யும் சாலியர் தெருக்காரர்கள் அந்தக் காலத்தில் ராஜா நம் தமிழ் நாட்டுப் பக்கமிருந்து கூட்டி வந்து குடிவைத்தவர்கள் என்று தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். ரயிலிலிருந்து தறி எதுவும் கண்ணில் படவில்லை. ஒரு மணி நேரத்தில் தம்பானூர்.

முதல் நாள் மோசமாகத்தான் ஆரம்பித்தது. கோவளத்தில் ஒரு ஹாஸ்டலில் ஆப் மூலம் ஒரு கட்டில் பதிவு செய்து வைத்திருந்தேன், பணமும் கட்டியாகிவிட்டது. உச்சிவெயிலில் பையைச் சுமந்துகொண்டு போய் ஆதாரை நீட்டினால், கவுண்டரில் இருந்த பையன் முகவரியைப் பார்த்துவிட்டு, லோக்கல் ஆட்களுக்குத் தருவதில்லை என்றான். நான் தமிழ்நாடு, வேற மாநிலம் என்றேன். கன்னியாகுமரி மாவட்டம்தானே, ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடலாமே, எதற்கு இங்கே தங்க வேண்டும் என்று கேட்டான். அம்மா கேட்ட அதே கேள்வி. ஆனால் அம்மா கேட்டதில் அக்கறை இருந்தது, இவன் கேட்டதில் சந்தேகம்தான் இருந்தது. என் பின்னால் நின்ற இரண்டு பேருக்குப் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு உடனே சாவி கொடுத்தான். பணம் நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தது. நாடு முழுக்கப் பல ஹாஸ்டல்களில் இப்படி ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. பக்கத்து ஊர்ப் பெண் தன் பக்கத்துக் கடலை நிம்மதியாக நான்கு நாள் பார்க்க வரக்கூடாது என்பது எந்த நியாயத்திலும் சேராது, இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் பணம் கட்டும் முன்னால் போன் பண்ணி, ஆதாரில் எந்த மாவட்டம் என்பதைச் சொல்லி, இடம் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

கோவளத்தில் ஒரு தென்னை நிழலில் உட்கார்ந்து போனில் தேடித் தேடி, நகரத்துக்குள் வழுதக்காட்டில் ஒரு இடம் கிடைத்தது. பழைய ஓட்டு வீடு. மாடியில் ஒரு அறையில் பெண்களுக்கு மட்டும் ஆறு கட்டில். நடத்துகிறவர் ஒரு சேச்சி, அறுபது வயது இருக்கும். ஒரு ராத்திரிக்கு 500 ரூபாய், ஐந்து நாளைக்கென்றதும் 2250க்குத் தந்தார். ஆதாரை வாங்கிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி, "குழித்துறையில எங்கே மோளே? என்டெ அம்மெயிடெ வீடு தக்கலையில." அப்புறம் எனக்கு ஜன்னல் பக்கத்துக் கட்டில். சுவரில் ஒரு மின்விசிறி, காலடியில் பூட்டு போடும் பெட்டி, கீழே எல்லோருக்கும் பொதுவான ஒரு சமையலறை. அறையில் என்னோடு பூனாவிலிருந்து ஒரு பெண், ஜெர்மனியிலிருந்து ஒரு அம்மா, அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வாணையப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு காசர்கோட்டுப் பெண். காசர்கோட்டுக்காரிக்கு வீட்டுக்குப் போக ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டும், எனக்கு ஒரு மணி நேரம், ஆனாலும் இரண்டு பேருக்கும் இந்த ஊர் ஒரே அளவுக்குப் புதுசு.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். காலையில் புட்டும் கடலைக் கறியும், மத்தியானம் ஊண், ராத்திரி கஞ்சியோ தோசையோ. ஊணுக்குச் சம்பா அரிசிச் சோறு, கூடவே மீன் சாறு எத்தனை தடவை கேட்டாலும் ஊற்றுவார்கள், பொரித்த மீன் வேண்டுமென்றால் அதற்குத்தான் தனிக் காசு. பதிமுகம் என்ற மரத்துண்டு போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்புத் தண்ணி டம்ளரில் வரும். ஒரு நாளைக்கு 250 ரூபாய்க்கு மேல் சாப்பாட்டுக்கு ஆகவில்லை. கேரளா பஸ்ஸில் குறைந்த கட்டணம் 10 ரூபாய், ஆட்டோவுக்கு 30 ரூபாய், நான் ஏறிய ஆட்டோக்காரர்கள் மீட்டர் போட்டுத்தான் ஓட்டினார்கள், பேரம் பேசவில்லை. கிழக்கேகோட்டையிலிருந்து எல்லாப் பக்கமும் பஸ் கிடைக்கும், கோவளத்துக்கும் அங்கிருந்துதான்.

இரண்டாம் நாள் விடியுமுன்னே எழுந்து அந்தப் பஸ்ஸைப் பிடித்தேன். இதற்காகத்தான் தங்க வேண்டும் என்கிறேன். எங்கள் ஊரிலிருந்து முதல் வண்டியைப் பிடித்து வந்தாலும் வெயில் ஏறிய கோவளத்தைத்தான் பார்க்க முடியும். கடை எதுவும் திறக்கவில்லை. மணலில் முந்தின நாள் காலடித் தடங்கள்கூட இல்லை, ராத்திரி அலை வந்து துடைத்துவிட்டிருந்தது. ஓரமாக இருபது முப்பது பேர் இரண்டு வரிசையாகக் கயிறு பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். கரமடி.

கரமடியைச் சின்ன வயதில் தேங்காப்பட்டணத்தில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கிட்டே போய் நின்றது இதுதான் முதல் தடவை. வள்ளத்தில் வலையைக் கொண்டுபோய்க் கடலுக்குள் அரைவட்டமாக வளைத்துப் போட்டுவிட்டு இரண்டு முனைக் கயிறையும் கரைக்குக் கொண்டு வந்துவிடுகிறார்கள். அப்புறம் இரண்டு கூட்டமும் தூரத் தூர நின்று இழுக்க ஆரம்பித்து, இழுக்க இழுக்க ஒருவரை ஒருவர் நெருங்கி வருகிறார்கள். கடைசியில் நிற்கிற ஆள் கயிறைச் சுருட்டி வைத்துவிட்டு ஓடிப்போய்த் தண்ணிப் பக்கம் முதல் ஆளாகப் பிடிக்கிறார், அவருக்கு அடுத்தவர் அதேபோல். கை மாற்றிக்கொண்டே இருப்பதால் கயிறு நிற்பதே இல்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு ஒரு பெரியவர் எந்த ஊர் என்று கேட்டார். குழித்துறை என்றேன். உடனே தமிழுக்கு மாறிவிட்டார். "நம்ம பிள்ளதானே, நின்னு பாத்தா மீன் வருமா, வந்து பிடி" என்றார்.

பிடித்தேன். ஈரக் கயிறு, மணல் ஒட்டிக்கொண்டு அரம் மாதிரி இருந்தது. உள்ளங்கையில் சுருக்கென்று ஏறியது. அலை பின்வாங்கும்போது கடல் நம்மை இழுக்கும், அப்போது குதிகாலை மணலில் ஊன்றி நிற்க மட்டும் செய்ய வேண்டும். அலை வரும்போது இழுக்க வேண்டும். இதை அந்தப் பெரியவர் வாயால் சொல்லவில்லை, தோளால் என் தோளைத் தள்ளித்தான் சொல்லித் தந்தார். ஒரு மணி நேரம் கழித்து வலையின் மடி கரைக்கு வந்தது. பாதிக்குமேல் சொறி என்கிற ஜெல்லி மீன், கொஞ்சம் பிளாஸ்டிக் பை, நடுவில் வெள்ளி மாதிரி நெத்திலி, அடியில் கொஞ்சம் சாளை, அதாவது மத்தி. இத்தனை பேர் இழுத்ததற்கு இவ்வளவுதானா என்று எனக்கு மனசு விட்டுப்போயிற்று. அவர்கள் முகத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை, பங்கு பிரித்தார்கள், மீன் எடுக்க வந்த பெண்கள் விலை பேசினார்கள். எனக்கும் ஒரு பிடி நெத்திலியை ஒரு தாளில் சுற்றித் தந்தார் பெரியவர். காசு கொடுக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார்.

அவர் விழிஞ்ஞத்துக்காரர். 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது அவர் வீட்டுப் பக்கமும் போன வள்ளங்கள் திரும்பவில்லை, எங்கள் தூத்தூர், வள்ளவிளைப் பக்கமும் திரும்பவில்லை. அந்த நாட்களில் எங்கள் ஊரில் சர்ச் மணி அடித்தாலே வயிறு கலங்கும். அதைச் சொன்னேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், அப்புறம் "புயலுக்கு என்ன தெரியும், இது தமிழ்நாடு இது கேரளான்னு" என்று சொல்லிவிட்டுக் கயிறைச் சுருட்டப் போனார்.

அங்கிருந்து கலங்கரை விளக்கத்தில் ஏறினேன். 1972இல் ஏற்றிய விளக்கு, சின்னக் கட்டணம்தான், மேலே நின்றால் ஒரு பக்கம் பிறை மாதிரி வளைந்த கோவளம் கடற்கரை, மறு பக்கம் விழிஞ்ஞம் துறைமுகத்தின் ராட்சச கிரேன்கள். 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்தது, 2025 மே 2ஆம் தேதி துறைமுகம் முறையாகத் திறக்கப்பட்டது. அதே விழிஞ்ஞத்தில்தான் ஆய் ராஜாக்கள் காலத்துக் குடைவரைக் கோயில் ஒன்றும் இருக்கிறது, ஒரு ஆள் உட்காரும் அளவுக்குச் சின்னது, உள்ளே வீணை ஏந்திய வீணாதர தட்சிணாமூர்த்தி. கோவளம் வரை வந்துவிட்டு அதைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். கடலில் இறங்குகிறவர்களுக்கு ஒன்று: சிவப்புக் கொடி நட்டிருக்கும் இடத்தில் இறங்கவே கூடாது. நாங்களும் கடற்கரை மாவட்டம்தான், எங்களுக்குத் தெரியும் என்று நினைத்து இறங்குகிறவர்களைத்தான் லைஃப்கார்டு விசில் ஊதிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

நெத்திலியை அன்று ராத்திரி சேச்சியின் சமையலறையில் மஞ்சள், மிளகாய், உப்பு மட்டும் போட்டுத் தேங்காயெண்ணெயில் பொரித்தேன். ஐந்து பேர் சாப்பிட்டோம். ஜெர்மன்காரம்மா தலையோடு சாப்பிடலாமா என்று கேட்டுக் கேட்டு முதல் மீனைக் கடித்தார், அப்புறம் கேட்கவில்லை.

மாசி வெயிலில் பதினோரு மணிக்குமேல் நான்கு மணி வரை வெளியே சுற்ற முடியாது. அந்த நேரத்தை எங்கே கழிப்பது என்பதில்தான் செலவு கூடுவதும் குறைவதும் இருக்கிறது. ஏ.சி. கடையில் போய் உட்கார்ந்தால் ஒரு நாள் காசு அங்கேயே போய்விடும். எனக்குக் கிடைத்தது தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து இந்தியன் காபி ஹவுஸ். டெல்லிக்காரி சொன்ன கடை. இத்தனை வருடம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடும்போதெல்லாம் அந்தச் செங்கல் உருளையைத் தாண்டித்தான் ஓடியிருக்கிறேன், ஏதோ தண்ணித் தொட்டி என்று நினைத்திருந்தேன். லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. படிக்கட்டு கிடையாது, தளமே சரிவாகச் சுற்றிச் சுற்றி மேலே போகிறது. சுவரை ஒட்டி மேசையும் இருக்கையும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டியிருக்கிறார்கள், செங்கல்லுக்கு நடுவில் விட்ட ஓட்டைகள் வழியாகக் காற்றும் துண்டு துண்டாக வெளிச்சமும் வருகிறது. தலையில் விசிறி மடிப்புத் தொப்பியோடு பரிமாறுகிற அண்ணன்மார் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு அந்தச் சரிவில் நாள் முழுக்க ஏறி இறங்குகிறார்கள். மசால் தோசைக்குள் பீட்ரூட் போட்டுச் சிவப்பாக இருக்கும், எனக்குப் பிடித்தது. ஒரு காப்பி வாங்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை. மற்ற நாள் மத்தியானம் 1829இல் ஆரம்பித்த பப்ளிக் லைப்ரரி, 1880இல் கட்டிய நேப்பியர் மியூசியம். மியூசியமும் மிருகக்காட்சிசாலையும் திங்கள்கிழமை மூடியிருக்கும்.

கோயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்மநாபசுவாமி கோயிலுக்குப் பெண்கள் சேலையோ, சுடிதாருக்கு மேலே சுற்றிய முண்டோ மாதிரி உடை இல்லாமல் உள்ளே போக முடியாது, ஆண்கள் வேட்டி மட்டும். முண்டு வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் வீட்டிலிருந்தே ஒன்று கொண்டு போங்கள். ஏழு நிலைக் கோபுரம், நீளப் பிரகாரம், கல் தூண்கள். சுசீந்திரத்தில் நடப்பது போலவே கால் தானாகப் போகும். நம்மாழ்வார் பாடிய தலம், தமிழில் பாடிய தலம். தரிசனம் முடிந்து வெளியே வந்தால் கோட்டைக்குள் மேத்தன் மணி என்ற பழைய கடிகாரம். ஒவ்வொரு மணிக்கும் அந்த மனிதத் தலை வாயைத் திறக்க, இரண்டு பக்கமும் ஆடுகள் வந்து கன்னத்தில் முட்டும். பத்து மணிக்கு அது முட்டுவதைப் பார்க்க நான், இரண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஒரு லாட்டரிக்காரர் எல்லாரும் அண்ணாந்து நின்றோம்.

சாலைக் கடைத்தெரு எங்களுக்குப் பழகின இடம், ஆனால் ஜவுளிக்கும் பாத்திரத்துக்கும் மட்டும் பழகின இடம். இந்தத் தடவை எதுவும் வாங்காமல் முழு நீளமும் நடந்தேன். இந்தக் கடைத்தெருவை உண்டாக்கிய திவான் ராஜா கேசவதாசு எங்கள் விளவங்கோட்டுப் பக்கம் பிறந்தவர். கடைக்குக் கடை தமிழ் காதில் விழுந்தது. நாஞ்சில் தமிழ், நெல்லைத் தமிழ், நாலு வார்த்தைக்கு ஒரு மலையாளம் கலந்த எங்கள் தமிழ். ஆற்றுகால் பொங்காலைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. ரோட்டோரம் முழுக்க மண்பானை அடுக்கி வைத்திருந்தார்கள், பக்கத்தில் நின்ற லாரியின் நம்பர் டி.என். 75. மார்த்தாண்டம் வண்டி. அதைப் பார்த்ததும் ஏனோ ரொம்ப சந்தோஷமாக இருந்தது. பொங்காலை அன்று ஊரே அடுப்பாகிவிடும், கண்ணகியின் அம்சம் என்று சொல்லும் அந்த அம்மனுக்கு லட்சக்கணக்கான பெண்கள் ரோட்டில் செங்கல் கூட்டிப் பொங்கலிடுவார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னாலிருந்து ஒரு கட்டில்கூடக் கிடைக்காது, போகிறவர்கள் தேதி பார்த்துப் போங்கள். ஆரியசாலை முடிவில் குமாரசுவாமி தங்கும் கோயிலையும், செந்திட்டையில் நங்கை தங்கும் கோயிலையும் பார்த்தேன். இங்கேதான் வந்து இருக்கிறாளா என்று நினைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் அம்மாவிடமிருந்து போன். "நான் தம்பானூர்ல நிக்கேன் மக்கா. வா." முன்னால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையில் தூக்குவாளி நிறைய உளுந்தஞ்சோறு, தனியாக ஒரு டப்பாவில் எள்ளுத் துவையல். நான் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டேன் என்று நினைத்திருக்கிறாள். சாயங்காலம் வண்டி ஏற்றிவிடு என்றாள். அதுவரை என்ன செய்வது, சரி, சங்குமுகம் போகலாம் என்று கூட்டிப் போனேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அம்மா கடலைப் பார்க்கவில்லை. பழைய ஏர்போர்ட் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். 2003இல் அப்பா முதல் தடவை சவுதியில் இருக்கும் தம்மாமுக்குப் போனபோது இந்தப் பக்கம்தான் ஏற்றிவிட வந்தோம். எனக்கு அப்போது ஐந்து வயது. எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் கூட்டமும் அம்மாவின் சேலைத் தலைப்பும்தான். "இங்க கடல் இருக்குன்னு தெரியும்," என்றாள் அம்மா. "எரைச்சல் கேட்டுது. ஆனா யாரும் இந்தப் பக்கம் திரும்பிப் பாக்கல. அப்பா உள்ள போன ஒடனே எல்லாரும் வண்டில ஏறிட்டோம்." அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை ஏற்றிவிடவும் கூட்டி வரவும் வந்திருக்கிறாள். ரோட்டைத் தாண்டியதில்லை.

தாண்டினோம். கடல் அரித்து ரோட்டையே கொண்டுபோன இடம் அது, இப்போது சுவர் வைத்துத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். கல் மண்டபம் இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு தடவை பத்மநாபசுவாமி ஆறாட்டுக்கு, அதாவது நீராட, இந்தக் கடலுக்குத்தான் வருகிறார், ஊர்வலம் ஏர்போர்ட் ரன்வே வழியாகவே வரும், அதற்காக விமானங்களை நிறுத்தி வைப்பார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது, இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். கானாயி குஞ்ஞிராமன் செய்த பெரிய சாகரகன்னிகை என்ற கடல்கன்னிச் சிலையைச் சுற்றி நடந்துவிட்டு மணலில் உட்கார்ந்தோம். உளுந்தஞ்சோற்றைத் தூக்குவாளி மூடியில் போட்டுச் சாப்பிட்டோம். தலைக்கு மேலே தாழ்வாக ஒரு விமானம் ஏறிப் போனது, அம்மா அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். சூரியன் கடலுக்குள் இறங்கியது. சோளம் விற்கிற பையன்கள் விளக்கேற்றினார்கள்.

"அம்மா, கெளம்பினாத்தான் வண்டி பிடிக்க முடியும்" என்றேன்.

அம்மா எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் கழித்து, "காலைல எத்தன மணிக்கு வண்டி?" என்று கேட்டாள்.

சேச்சிக்குப் போன் பண்ணினேன். பூனாப் பெண் அன்று காலையில்தான் வர்க்கலைக்குக் கிளம்பியிருந்தாள், அவள் கட்டில் காலி. 450 ரூபாய். எல்லாம் சேர்த்து, அம்மாவின் கட்டிலையும் சேர்த்து, செலவு 5000க்குள்ளேயே முடிந்தது. கட்டிலில் விரிக்க, வீட்டிலிருந்து எனக்காக மடித்துக் கொடுத்த அதே போர்வையை அம்மாவுக்கு எடுத்துக் கொடுத்தேன்.

காலையில் கண் விழித்தபோது அம்மா கட்டிலில் இல்லை. கீழே சமையலறையில் பேச்சுச் சத்தம். சேச்சி தேங்காய் துருவ, அம்மா அடுப்பில் நிற்க, இரண்டு பேரும் தக்கலை மேட்டுக்கடைப் பக்கத்து ஏதோ ஒரு குடும்பத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், அவர் மலையாளத்தில், இவள் தமிழில். என்னைப் பார்த்ததும் அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வண்டி பத்து மணிக்குத்தானே. அதுக்குள்ள அந்தச் சுத்திச் சுத்தி ஏறுத காப்பிக்கடைக்கு என்னக் கூட்டிட்டுப் போ."